ஸ்பீச் தெரபியில் பட்டப்பின்படிப்பு: மலையகத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

நாலரை வயதுப் பிள்ளை ஒன்று 'கொழுந்து' என்பதை 'தொளுந்து' என்று சொல்கிறது. இதில் எத்தனை பிழை? இரண்டு என்பார்கள் பலர். என் கணக்கில் ஒன்றுதான். 'க' வர வேண்டிய இடத்தில் 'த' வருவதைக் கவனிக்க வேண்டும். அடிநாக்கில் பிறக்க வேண்டிய ஒலி நுனிநாக்குக்கு வந்துவிட்டது. இரண்டு வயதில் இது சாதாரணம், நாலரையில் அப்படி விட்டுவிட முடியாது. ஆனால் 'ழ', 'ள' ஆனது பிழையே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா, அம்மாயி, காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இந்த வித்தியாசம் காதில் பட்டவுடன் பிடிபடுகிற ஆள் நீங்கள் என்றால், இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரிய நகரத்து மாணவர்களிடம் இல்லாத ஒரு முதல் உங்களிடம் இருக்கிறது. அதை எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான் கீழே வருவதில் பெரும்பகுதி. மிச்சம் கடதாசி வேலை.

கையில் என்ன பட்டம் இருக்கிறது?

நாட்டைத் தெரிவு செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள். இந்தத் துறையில் 'மாஸ்டர்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் நடக்கின்றன.

ஒன்று, ஏற்கெனவே பேச்சுச் சிகிச்சை படித்தவர் மேலே படிப்பது. இந்தியாவின் முறை இது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனமானாலும் சரி, சென்னையில் உள்ள கல்லூரிகளானாலும் சரி, எம்எஸ்சிக்குள் நுழைய பேச்சு, செவிப்புலத் துறையிலேயே இளமாணிப் பட்டம் வேண்டும். நம் நாட்டில் அந்த இளமாணியைத் தருவது களனிப் பல்கலைக்கழகம். ராகமையில் உள்ள மருத்துவ பீடத்தில், நாலு வருடம், ஆங்கில மொழிமூலம். அதை முடித்தவருக்கு இந்திய எம்எஸ்சி நேர்வழி.

மற்றது, வேறு துறைப் பட்டதாரியை இரண்டு வருடத்தில் சிகிச்சையாளராக்கும் படிப்பு. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இது வழக்கம். உளவியல், மொழியியல், உயிரியல், விசேட கல்வி படித்தவர்களை எடுப்பார்கள். பேராதனையில் உளவியல் முடித்துவிட்டு ஹட்டனில் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வழிதான் பொருந்தும். அமெரிக்கா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வேறு துறைக்காரரையும் எடுப்பார்கள், ஆனால் ஒலியியல், மொழி வளர்ச்சி, பேச்சு உறுப்புகளின் உடற்கூறு போன்ற அடிப்படைப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு வரச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் அதிகம். அப்படியானால் இரண்டு வருடம் மூன்றாகலாம், சிலருக்கு அதற்கும் மேலே போகலாம்.

உயர்தரம் எழுதிவிட்டு இதைப் படிக்கிற தங்கச்சி, தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி தவறியதும் எல்லாம் முடிந்தது என்று உட்காராதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானம் தனியாக இருக்கிறது. விருப்பப் பட்டியலில் அதைப் போடத் தெரியாமல்தான் பலர் விடுகிறார்கள்.

பதிவை முதலில் பாருங்கள், பட்டத்தைப் பிறகு

ஏஜென்சிக்குப் போனால் அங்கே கேட்கிற முதல் கேள்வி, "எந்த நாடு?" நீங்கள் உங்களையே கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. படித்து முடித்தபின் நோயாளிக்கு முன்னால் உட்கார எனக்கு உரிமை தரப்போவது யார்? பட்டம் பல்கலைக்கழகம் தருவது, உரிமை பதிவுச் சபை தருவது. இரண்டும் ஒன்றல்ல.

பிரித்தானியாவில் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான பேரவை, சுருக்கமாக எச்சிபிசி, அங்கீகரித்த படிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆஷா எனப்படும் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கத்தின் தர அங்கீகாரச் சபை ஒப்புக்கொண்ட படிப்பு வேண்டும். அதற்கு மேல் அந்தந்த மாநிலத்தின் உரிமம். அவுஸ்திரேலியாவில் 'ஸ்பீச் பத்தாலஜி அவுஸ்திரேலியா' சங்கம். இந்தியாவில் மறுவாழ்வுப் பேரவை. ஒவ்வொன்றும் தான் ஒப்புக்கொண்ட படிப்புகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தைப் பார்க்க முதல் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'மொழியியல்', 'பேச்சு விஞ்ஞானம்', 'மொழிக் குறைபாட்டு ஆய்வு' என்ற பெயர்களில் ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்புகள் இருக்கின்றன. நல்ல படிப்புகள்தான். ஆனால் அவற்றை முடித்தவர் சிகிச்சை செய்ய முடியாது. முகவருக்குக் கமிஷன் இரண்டிலும் வரும். உங்களுக்குத் தொழில் ஒன்றில்தான் வரும்.

ஊர் திரும்பி வேலை செய்யும் எண்ணம் இருந்தால் இன்னொரு வேலை: வெளிநாட்டுப் பட்டம் இங்கே எப்படி ஏற்கப்படும் என்று மானியங்கள் ஆணைக்குழுவிடமும் மருத்துவப் பேரவையிடமும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வாய்ப்பேச்சுப் பதிலை நம்பிப் போகாதீர்கள். கடிதமோ மின்னஞ்சலோ கையில் இருக்கட்டும்.

குறையும் பாடங்கள்

அமெரிக்கத் தகுதிக்கு உயிரியல், புள்ளிவிபரவியல், இரசாயனம் அல்லது பௌதிகம், சமூக விஞ்ஞானம் ஆகிய நாலும் பல்கலைக்கழக மட்டத்தில் படித்திருக்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் செய்தது போதாது. கலைப்பீடத்தில் படித்த நம் ஆட்களுக்கு இடறுவது பெரும்பாலும் இங்கேதான். மற்ற நாடுகளில் படிப்புக்குப் படிப்பு வேறுபடும். உங்கள் பெறுபேற்று விபரப் பத்திரத்தை ஒரு பக்கம், அவர்கள் கேட்கும் பாடங்களை மறுபக்கம் வைத்து ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பாடத்தை மட்டும் எடுக்க வழி தேடலாம். ஆனால் எடுப்பதற்கு முன், அந்தப் பாடத்தை ஏற்பீர்களா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

கண்ணால் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

சிகிச்சையாளர் வேலை செய்வதை ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பார்க்காமல் விண்ணப்பம் எழுதினால் அது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். நம் ஊரில் 'ஸ்பீச்' என்றதும் பேச்சு வராத பிள்ளைதான் ஞாபகத்துக்கு வரும். வேலையில் பாதி அதுவல்ல. பக்கவாதம் வந்து சொல் மறந்த தாத்தா, தண்ணீர் குடித்தால் புரையேறும் ஆச்சி, அண்ணப்பிளவு சத்திரசிகிச்சை முடிந்த குழந்தை, தொண்டை அடைத்துப்போன ஆசிரியர், திக்குவாய் என்று வகுப்பில் வாயே திறக்காத இளைஞன், எல்லாரும் அந்த அறைக்குத்தான் வருகிறார்கள். விழுங்குவதில் உள்ள சிரமத்தைப் பார்ப்பதும் இவர்கள் வேலை என்பது பலருக்குப் புதுச் செய்தி.

நமக்குக் கிட்டவாக, கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, பதுளை, நுவரெலியா பெரியாஸ்பத்திரிகள் என்று தொடங்கலாம். ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் 'அயாட்டி' சிறுவர் நிலையமும் உண்டு. நேரே கிளினிக் வாசலில் போய் நிற்காதீர்கள். பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நான் யார், எதற்காக, எத்தனை நாள், நோயாளியைத் தொடமாட்டேன், படம் எடுக்கமாட்டேன். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்தால் கடிதம் மேசை விட்டு மேசை சீக்கிரம் நகரும்.

பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள்: திகதி, மணி, என்ன வகைப் பிரச்சினை, மேற்பார்வையாளரின் கையொப்பம். அமெரிக்கச் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணித்தியால மருத்துவப் பயிற்சி. அதில் 25 பார்வையிடல், 375 நேரடி வேலை. இங்கே நீங்கள் பார்த்த மணிகளை அவர்கள் அந்த 25க்குள் சேர்க்காமல் விடலாம். பரவாயில்லை, அந்தக் குறிப்புக் கொப்பியின் உண்மையான பயன் இன்னும் சற்றுக் கீழே வருகிறது.

ஆங்கிலச் சோதனை

பிரித்தானியாவில் பதிவு செய்யும் பெரும்பாலான சுகாதாரத் தொழில்களுக்கு எச்சிபிசி கேட்பது ஐஈஎல்டிஎஸ் 7.0. பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்கு மட்டும் 8.0, எந்தப் பகுதியிலும் 7.5க்குக் குறையக் கூடாது. மற்றவரின் மொழியைத் திருத்தப் போகிறவர் என்பதால் இந்தக் கண்டிப்பு. படிப்புக்குள் நுழையச் சில பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், ஆனால் கடைசியில் அந்த மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

சோதனையைக் கண்டியிலும் எழுதலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பெறுபேறு இரண்டு வருடத்துக்குச் செல்லும். நம் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கேட்டலும் சீக்கிரம் ஏறிவிடுகின்றன, எழுத்துத்தான் 6.5இல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு மாதம் ஒதுக்குங்கள். வாரம் இரண்டு கட்டுரை எழுதி, திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வீடியோ பார்த்தால் எழுத்து ஏறாது.

அமெரிக்காவுக்கு ஜிஆர்ஈ என்னும் பொதுத் தகுதிச் சோதனை இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இந்தத் துறையில் பல இடங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் கேட்கவில்லை என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பெயர் என்னும் தலையிடி

மலையகத்துக்காரருக்கு மட்டும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், அதில் அப்பாவின் பெயர் ஒரு விதம். பாடசாலை இடாப்பில் இன்னொரு விதம். அடையாள அட்டையில் மூன்றாவது. என் அப்பாவின் பெயரே மூன்று கடதாசியில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. ஒன்றில் அவர் 'முத்தையா', மற்றதில் 'முத்தயா', ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டு விண்ணப்பம் 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். ஆகவே ஒரே விதி: கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே ஒழுங்கில், அதே எழுத்துக்களில், எல்லா இடத்திலும் நிரப்புங்கள். ஐஈஎல்டிஎஸ் பதிவு முதல் விசா வரை. பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து ஆங்கிலத்தில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் அதைத் திருத்துவது பிரதேச செயலகத்து வேலை. மாதங்கள் எடுக்கும், இன்றைக்கே தொடங்குங்கள். சிங்களத்தில் உள்ள கடதாசிகளுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் கண்டியிலும் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரத்தை எப்போதும் இரண்டு, மூன்று பிரதி மேலதிகமாக எடுங்கள், முத்திரையிட்ட உறைகளோடு. அமெரிக்காவுக்கானால் அதை அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பாடம் பாடமாகத் தங்கள் முறைக்கு மாற்றித் தர வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டம் உள்ளவர்கள் இங்கே கவனம்: நாலு வருடத்துக்குச் சமம் என்று கணக்கில் வருமா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டமுன் கேட்டுவிடுங்கள்.

சிபார்சுக் கடிதம்

பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் வேண்டாம். தொழிற்சங்கத் தலைவரின் கடிதமும் வேண்டாம். நம் ஊரில் எதற்கும் அதுதான் முதலில் ஞாபகம் வரும், இங்கே அதற்கு மதிப்பில்லை. உங்களைப் படிப்பித்த விரிவுரையாளர், நீங்கள் போய்ப் பார்த்த சிகிச்சையாளர், வேலை பார்க்கும் இடத்தின் மேலதிகாரி, இவர்கள் போதும். அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று பேர், பிரித்தானியாவில் இரண்டு. கடிதம் அவர்களின் நிறுவன மின்னஞ்சலில் இருந்து போக வேண்டும். ஆறு வாரத்துக்கு முன் கேளுங்கள், கூடவே உங்களைப் பற்றி அரைப்பக்கக் குறிப்புக் கொடுங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்று அன்பாகச் சொல்லும் சேர்மார் இருக்கிறார்கள். அந்த அன்பை ஏற்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே எழுத்து நடை என்பதை வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

சுயவிபரக் கட்டுரை

எல்லாம் தங்கியிருப்பது இதில். நமது ஆட்கள் எழுதி எனக்குக் காட்டிய முதல் வரைவுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: "சிறுவயது முதல் பிறருக்கு உதவுவது என் கனவு. நான் ஒரு ஏழைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை." முதல் வசனத்தை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். இரண்டாவது உண்மைதான், ஆனால் அப்படியே விட்டால் அது இரக்கம் கேட்பதாகிவிடும். ஏழ்மையைச் சொல்ல வேண்டாம் என்றல்ல. அது உங்களுக்கு எதைக் காட்டித் தந்தது என்று சொல்லுங்கள்.

உதாரணமாக, கொழுந்துக்குப் போகும் அம்மா பிள்ளையைக் காலையில் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போனால் பின்னேரம்தான் காண்கிறாள். அப்படியானால் 'தினமும் ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு விளையாடிப் பேசுங்கள்' என்ற வழக்கமான ஆலோசனை அந்த வீட்டில் எப்படி நடக்கும்? மடுவத்தில் பிள்ளை பார்க்கும் ஆயாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தால்? இப்படி யோசிக்கிற ஆள் என்பது தெரிந்தால், வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது மொழி. வேறு ஊரில் செய்த படச் சோதனை ஒன்றில் பாண் படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறார்கள். நம் பிள்ளை 'பாண்' என்கிறது. தமிழ்நாட்டில் தயாரித்த விடைத்தாளில் 'ரொட்டி' என்றோ 'பிரெட்' என்றோ இருந்தால் பிள்ளைக்கு ஒரு புள்ளி போய்விடும். பிள்ளையில் குறையில்லை, சோதனையில்தான் குறை. பேச்சு வித்தியாசத்தையும் பேச்சுக் குறைபாட்டையும் பிரித்தறிவது இந்தத் துறை எங்கும் பேசப்படும் விஷயம். அதற்கு 'தொளுந்து' போல், 'பாண்' போல் உங்கள் காதால் கேட்ட ஒரு உதாரணம் வைத்து எழுதினால், புத்தகம் பார்த்து எழுதியவரிடமிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள். பார்வையிட்ட குறிப்புக் கொப்பி இப்போது கைகொடுக்கும்.

வீட்டில் தமிழ், கடையிலும் கந்தோரிலும் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்ததை ஒரு வரியில் பட்டியல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கவாதம் வந்த ஒருவருக்குத் தமிழ் போய்ச் சிங்களம் மிஞ்சியிருந்தால் யார் அவருக்குச் சிகிச்சை தருவது என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நோயாளியின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எதுவும் வரக்கூடாது; ஒரு டிவிஷனில் அப்படிப் பிள்ளை ஒன்றுதான் இருக்கும், ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்தது, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து 'அழகாக்கி' வாங்காதீர்கள். இலக்கணம் பார்க்கலாம். அழகாக்கினால் முதலில் காணாமல் போவது உங்கள் 'கொழுந்து'தான்.

நேர்முகம்

பிரித்தானியப் படிப்புகள் பலவற்றில் நேர்முகம் உண்டு, வெளிநாட்டவருக்கு இணையவழியில். லண்டனில் காலை பத்து மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பின்னேரம் மூன்றரை, அவர்களின் கோடையில் இரண்டரை. அந்த நேரத்தில் மழை இருட்டிக் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் சிக்னல் தேடித் தேயிலைக் காட்டு உச்சிக்கு ஏறுவதை விட்டு, முதல் நாளே ஹட்டனிலோ கண்டியிலோ தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை கேளுங்கள்.

பெரும்பாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்பார்கள். 'பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி ஆசிரியர் ஒருவர் பெற்றோருக்குச் சொல்கிறார். நீங்கள்?' தாய்மொழியை நிறுத்துவதால் பேச்சு வளராது என்பது இந்தத் துறையின் நிலைப்பாடு. அதைச் சொல்லுங்கள், ஆனால் ஆசிரியரை மட்டம் தட்டாமல் சொல்லுங்கள். அவர்கள் பார்ப்பது விடையை மட்டுமல்ல, குரலையும்தான்.

காசு

வங்கிக் கடனுக்குப் போனால் உறுதி கேட்பார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்தவரிடம் என்ன உறுதி? ஏழு பேர்ச் காணி கிடைத்தவர்களிடம்கூட வங்கி ஒப்புக்கொள்ளும் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அம்மா அப்பாவின் ஈபிஎஃப் காசை இதில் போடாதீர்கள்.

புலமைப்பரிசில் தேடும்போது சிறு எழுத்துக்களையும் வாசியுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் பிரபலம், ஆனால் அது ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு. தொழில் தகுதி தரும் பிரித்தானியப் படிப்பு இரண்டு வருடம், பொருந்தாது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களில் மருத்துவம், மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு விலக்கு இருக்கிறதா என்பதை அந்த வருடத்து அறிவித்தலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் பாடசாலை அதிபர் முதல் தூதரகம் வரை அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகங்களே தரும் கட்டணச் சலுகையை ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள். களனியில் படித்தவருக்கு, இங்கேயே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டு இந்தியாவுக்குப் போவதுதான் கணக்குக்கு வரும் வழி.

அமெரிக்காக் கணக்கில் ஒன்றைக் கூட்டுங்கள். பட்டம் முடிந்தபின் முழுநேரமாக 36 வாரம் சம்பளத்தோடு மேற்பார்வைப் பயிற்சி. மாணவர் விசாவில் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதிக்குள் அது அடங்கும், ஆனால் வேலை தேடுவதில் மாதங்களைக் கரைத்தால் அடங்காது.

காலக்கணக்கு

அமெரிக்கப் பொது விண்ணப்பத் தளம் நம் ஆடி மாத வாக்கில் திறக்கும். கடைசித் திகதிகள் பெரும்பாலும் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்குப் பிந்திய வாரங்களுக்கும் இடையில். பிரித்தானியாவில் செப்டெம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்திய வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும், பயிற்சி இடங்கள் குறைவு என்பதால் சீக்கிரம் நிரம்பும். பின்னோக்கி எண்ணினால், பெயர்த் திருத்தமும் ஐஈஎல்டிஎஸும் அதற்கு ஒரு வருடம் முன்னால் தொடங்க வேண்டிய வேலைகள்.

இடம் கிடைத்துவிட்டால்

பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். சித்திரைச் செலவுக்கு ஒரு நாள் கைவைத்தால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் வேண்டும், அதற்குக் கொழும்புக்கு ஒரு பயணம். நோயாளர்களோடு வேலை என்பதால் எந்த நாடானாலும் பொலிஸ் அறிக்கையும் தடுப்பூசி விபரமும் கேட்பார்கள். சிறுவயதில் போட்ட ஊசிகளின் அட்டை வீட்டு டிரங்குப் பெட்டியில் எங்காவது இருக்கும், அம்மாவைத் தேடச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி வழமையாக மூன்று ஊசி: முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. போட்டதற்கு அத்தாட்சி இல்லை என்றால் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பம் அனுப்பிய வாரமே முதலாவதைப் போட்டுக்கொள்ளுங்கள்.